முதலில் மாட்டுகிறவன்

ஞாயிறுதோறும் தெருத்தெருவாக ஆடும் துரத்தல் ஆட்டத்திலிருந்து திரும்பிய கணவன், ஷூவைக் கழற்றிச் சுவரில் எறிந்தான்.

“துரத்துறவங்க எல்லாருக்கும் முகமூடி. அதுல ஒருத்தன் மூணு வாரமா என்னையே குறிவெச்சுப் பிடிக்கிறான்!”

“அதுக்கா இத்தனை கோபம்?” ஈரத் தலையைத் துவட்டியபடி கேட்டாள் மனைவி.

“மூச்சிரைச்சு முதல்ல மாட்டுறவனுக்கு எங்க பாஷையில ‘பொண்டாட்டி’ன்னு பேரு. இப்ப என்னையே அப்படிக் கூப்பிடுறாங்க!”

“அந்தப் பேரை வெச்சதே நீங்கதானே? போன மாசம் ஃபோன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு.”

“அது கிடக்கட்டும்! அவன் மட்டும் யாருன்னு தெரியட்டும், தோலை உரிச்சிடறேன்!”

அழுக்குத் துணிக்கூடைக்குள் கைவிட்டு, வியர்வையில் நனைந்த கறுப்பு முகமூடியை எடுத்து அவன் மடியில் வீசினாள்.

“அடுத்த வாரமும் வருவேன். முடிஞ்சா ஓடிப் பாருங்க!”