அலுமினியம் கனமானது

"இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க சார். பசங்க எழுத ஆரம்பிச்சிடுவாங்க."

"வேணாம்மா, அந்த இணையப் பக்கத்தை இன்னிக்கே மூடிடுங்க." பிரின்சிபால் ஆபிரகாம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "காலைல கம்ப்யூட்டரைத் திறந்தாலே தலைவலி வருது எனக்கு."

"யாருமே எட்டிப் பாக்கலைன்னா அது என் தப்புதான் சார். ஆனா..."

"காரணத்தை விடுங்கம்மா. சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வேல்விழி வெளியே வந்தாள். வகுப்பு மாடியில். படிக்கட்டு அன்றைக்கு என்னவோ கூடுதலாக நீண்டுகொண்டே போனது.

பகலெல்லாம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் நின்றுவிட்டு, சாயங்காலம் டிப்ளமோ படிக்க வருகிறவர்கள் அவளுடைய மாணவர்கள். வந்ததும் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். ஷிஃப்ட் மாறுகிற வாரத்தில் வரவே மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பாடக் குறிப்பை அவள் ஏற்றுவாள். மாணவர்களும் உள்ளே புகுந்து சேர்க்கலாம், அடிக்கலாம், திருத்தலாம். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பாடத்தை எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அந்தப் பருவம் முழுக்க அவள் ஒருத்திதான் எழுதிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வேண்டுமென்றே ஒரு தூண்டில் போட்டாள். உலோகப் பாடத்தில், 'இரும்பை விட அலுமினியம் கனமானது' என்று எழுதி வைத்தாள். தினமும் இரண்டையும் கையால் தூக்குகிற பிள்ளைகள். ஒருத்தராவது பொறுக்க மாட்டாமல் பாய்ந்து வந்து திருத்திவிடுவார்கள் என்று நம்பினாள்.

மூன்று வாரமாக அலுமினியம் கனமாகவே இருந்தது.

"இன்னியோட அந்தப் பக்கத்தை மூடுறேன்," என்றாள் வகுப்பில். கோபப்படக்கூடத் தெம்பில்லை. "யாருமே படிக்காத பாடத்தை எதுக்கு ராத்திரி ராத்திரியா டைப் அடிக்கணும்?"

"இன்னா மேடம், இப்டி சொல்லிட்டீங்க?" முன் பெஞ்ச் ஜெர்சி எழுந்தேவிட்டாள். "ஷேர் ஆட்டோவுல சிங்கப்பெருமாள் கோவில் போய், பிரௌசிங் சென்டர்ல உக்காந்து அதைப் படிச்சிட்டுத்தானே வூட்டுக்கே போறேன்!"

"படிச்சியா? அப்ப அலுமினியம்?"

வகுப்பு மொத்தமும் சிரிப்பை அமுக்கியது.

"அது தப்பு மேடம். ஒரு பீஸைத் தூக்கினாலே தெரியும்."

"தெரிஞ்சுமா திருத்தலை?"

கடைசி பெஞ்சில் தலை சாய்த்திருந்த இசக்கிதுரை நிமிர்ந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவன்.

"அதெப்படி மேடம் நாங்க கை வைக்க முடியும்? கம்பெனில அசெம்பிளி லைன்ல எங்க தலைக்கு மேல ஒரு ஷீட்டு தொங்கும். எந்த போல்ட்ட எங்க மாட்டணும், எவ்வளவு முறுக்கணும், எல்லாம் அதுலதான் கெடக்கும். போன மாசம் அதுல ஒரு நம்பர் தப்பு. நம்ம நம்பிராஜன் பேனாவ எடுத்து அடிச்சுத் திருத்திட்டான். திருத்துனது என்னமோ சரிதான். மறுநாள் கேட்டுக்கு வெளிய நிக்கான்."

"இது கம்பெனி இல்லப்பா, கிளாஸ்."

"எங்கன இருந்தா என்ன மேடம்? தப்பப் பாத்தா நாம தொடப்பிடாது. மேல சொல்லணும், அவ்வளவுதான்."

"அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

இசக்கிதுரை நெளிந்தான். "எழுதுனவங்ககிட்டயே எப்படி மேடம்... அவங்களுக்கும் மேல உள்ளவங்ககிட்டல்லா சொல்லணும்."

"மேலன்னா?"

ஜெர்சிதான் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"பக்கத்துக்கு அடியில பிரின்சிபால் சாரோட மெயில் ஐடி போட்டிருக்கீங்க இல்ல மேடம்? கிளாஸே ஆளுக்கொண்ணா அனுப்பிகினு இருக்கோம், டெய்லி. அலுமினியம் மட்டும் இல்ல, மொத பாடத்துலேந்து நீங்க வுட்ட தப்பு எல்லாத்தையும்."

வேல்விழி கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் போட்டாள். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, பிரின்சிபால் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே தலையை நீட்டினாள்.

"சார், உங்க தலைவலி எனக்குப் புரிஞ்சிடுச்சு! இப்ப சொல்லுங்க, பக்கத்தை மூடணுமா, இல்ல இன்னும் ரெண்டு தப்பு சேத்துப் போடட்டுமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"