மவுஸுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்குக் கடைக்காரர் கீபோர்டுக்குச் சின்னதாகச் சந்தனப் பொட்டு வைத்தார். மவுஸைப் புரட்டி, அடியில் மினுங்கும் சிவப்புக் கண்ணின் மேலேயே பெரிதாக அப்பினார்.

பூஜை முடிந்து கடை திறந்த அன்று கிளிக் சரியாகத்தான் விழுந்தது; திரையில் அம்புக்குறிதான் நகரவில்லை. அவர் வயரைப் பிடுங்கிச் செருகினார், கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டார்.

“கண்ணை மறைக்குது சந்தனம். என் மேல அழுத்தி உரசு, உதிர்ந்துடும்” என்றது மவுஸ்பேட்.

“உனக்குப் பொட்டே வைக்கல. அந்த வயித்தெரிச்சல்!” என்ற மவுஸ், பொட்டு கலையாதபடி வயிற்றை எக்கிக்கொண்டது.

சாயங்காலம் புது மவுஸ் வந்தது. பழையது குப்பைக்கூடையில் மல்லாக்க விழுந்தது.

“தள்ளிப் படு, பொட்டு அழிஞ்சிடப் போகுது” என்று பக்கத்தில் கிடந்த காலி இங்க் டப்பாவை அதட்டியது.