அ. சாமிதுரை, விருத்தாசலம்

"இந்த சாமிதுரை யாருங்க மேடம்?"

தேர்வுக் குழுத் தலைவர் பழமலைநாதன், கட்டுரைப் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பேனாவால் தட்டினார்.

எதிரே டாக்டர் ஃப்ளோரா உட்கார்ந்திருந்தார். விருத்தாசலத்தில் இருபத்தாறு வருடமாகப் பீங்கான் ஆராய்ச்சி செய்கிறவர். புரொபசர் பதவிக்கு இது அவருக்கு மூன்றாவது இன்டர்வியூ. அடுத்த வருடம் ஓய்வு. நான்காவதுக்கு வழியில்லை.

"மொத்தம் பதினஞ்சு பேப்பர். முதல் பதினொன்னு செங்கல்லு, ஓடு, பீங்கான் கழிவுல செஞ்ச கல்லு. எல்லாம் நீங்க தனியா எழுதினது. குறையே சொல்ல முடியாது. அப்புறம் திடீர்னு நாலு பேப்பர் காட்டுத்தீயைப் பத்தி. நாலுலயும் முதல் பேரு இந்த ஆளு. உங்க பேரு ரெண்டாவது. இவருக்குப் பட்டம் இல்ல, காலேஜ் இல்ல. அட்ரஸ்ல வெறும் விருத்தாசலம்னு இருக்குது."

"சூளையில தீ போடுறவருங்க சார்."

பக்கத்தில் இருந்த இரண்டு உறுப்பினர்களும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். இத்தனை நேரம் அவர்கள் வந்ததே டீக்குத்தான் என்று தோன்றியது.

"சொந்தக்காரரா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு அவரு பேரு?"

ஃப்ளோரா நிதானமாகச் சொன்னார். "சூளை ஓட்டை வழியா நெருப்போட நிறத்தைப் பாத்தே எத்தனை டிகிரின்னு சொல்லிடுவாரு. மீட்டரு அதுக்கப்புறம்தான் காட்டும். கல்வராயன் மலைப் பக்கம் காடு எரிஞ்சப்ப அவரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். எரிஞ்ச மண்ணைக் கையில எடுத்துப் பாத்து, 'இங்க அறுநூறு ஏறியிருக்குதும்மா, இதுல விதை பொழைக்காது. அந்த மரத்தடியில முந்நூறுதான், அங்க அடிமண்ணுல இருக்கிற விதை மொளைக்கும்'னாரு. ரெண்டு வருசம் போய்ப் போய்ப் பாத்தோம். அவரு சொன்ன எடத்துலதான் மொளைச்சுது."

"சரி, நன்றின்னு கடைசியில ஒரு வரி போட்டா போதாதா? கூலிக்கு வந்தவரு பேரை முதல்ல போட்டா, இந்தம்மா எதையோ மறைக்கிறாங்கன்னுதான் பேசுவாங்க. பேரை விக்கிறது வாங்குறதெல்லாம் இப்ப நடக்குது. ஏற்கெனவே ஒரு புகார் வந்திருக்குது. அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா?"

"இறந்துட்டாருங்க. அந்த நாலும் அச்சாகி வர்றதுக்கு முன்னாடியே."

பழமலைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. இந்தம்மாவுக்குப் பதவி கிடைக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஃப்ளோரா பக்கம் தள்ளினார்.

"அப்ப கஷ்டமே இல்ல. யாரும் வருத்தப்படப் போறதில்ல. ஆசிரியர் பெயரில் தவறு நடந்துள்ளது, திருத்தம் வெளியிடுகிறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. மத்த பதினொன்னும் சுத்தமா இருக்குது. அது போதும், இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடலாம்."

ஃப்ளோரா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருட உழைப்பு ரெண்டு வரிக்கு வந்து நின்றது. பிறகு பேனாவை எடுத்தார். மடமடவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பி வைத்தார்.

தலைவருக்கு நிம்மதி. உறுப்பினர்கள் கேட்கட்டும் என்று சத்தமாகவே வாசித்தார்.

"ஆசிரியர் பெயரில் தவறு நடந்துள்ளது. திருத்தம் வெளியிடுகிறேன். தவறு நடந்தது கடைசி நான்கில் அல்ல. முதல்..."

குரல் இறங்கிவிட்டது. மீதியை மனசுக்குள் படித்தார்.

"மேடம், என்ன இது? முதல் பதினொன்னுலயும் அவரு பேரு விட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க?"

"விட்டுப்போகல சார். நான்தான் விட்டேன். அந்தப் பதினொன்னுக்கும் கல்லு வேக வச்சது அவரு. எந்தச் சூட்டுல விரிசல் வுடாதுன்னு கண்டுபிடிச்சதும் அவருதான். நான் எழுதினேன், அவ்வளவுதான்."

"இதைக் குடுத்தா உங்களுக்குப் பதவி கிடைக்காதுங்க. யோசிச்சுதான் எழுதினீங்களா? செத்தவரு வந்து கேக்கப் போறாரா?"

"உயிரோட இருக்கும்போதே கேட்டாரு சார். ஒவ்வொன்னும் அச்சாகி வந்ததும், 'நம்ம பேரு எங்கம்மா இருக்குது'ம்பாரு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் என் பேரு மேல வெரலை வச்சுக் காட்டுவேன். அந்த எடத்தைத் தடவிப் பாத்துட்டு, மடிச்சு வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவாரு. பதினோரு தடவை."

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. ஃப்ளோரா அதன் மேல் கையை வைத்தார்.

"அவரு போனப்புறம், அந்தப் பதினொன்னையும் எடுத்துக்கிட்டு அவரு பொண்ணு தமிழினி வந்துச்சு. 'எங்கப்பா பேரு இதுல எங்க இருக்குதுங்க, எனக்கும் காட்டுங்களேன்'னு கேட்டுச்சு."

ஃப்ளோரா எழுந்துகொண்டார்.

"அது இங்கிலீஷ் படிச்ச பொண்ணுங்க சார்."