பட்டினித் தொட்டி

தொட்டியின் மூடியைத் தூக்கியதும் நுரை விளிம்பு வரை வந்து நின்றது.

ஞானசுந்தரம் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தான். ஈஸ்ட் ஒவ்வொன்றின் உள்ளேயும் எண்ணெய் முத்து மினுங்க வேண்டும். முத்தைக் காணோம். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, குட்டி போட்டுக்கொண்டே இருந்தது.

மூன்று வருஷ உழைப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

டீசலுக்குச் சேலத்தில் வரிசையில் நின்று அலுத்த எஸ்டேட் முதலாளி, இந்தக் கொட்டகையை அவனுக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். ஈஸ்ட் எண்ணெயை டீசலாக்கி, காப்பிப் பழம் தோலுரிக்கும் எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் கொட்டகை மிளகு மூட்டைக்குப் போகும், அவன் ஏற்காட்டை விட்டு பஸ் ஏறுவான்.

இந்த ஈஸ்ட்டுக்கு ஒரு கிறுக்குக் குணம். வெல்லப்பாகை வயிறு முட்டக் கொடுக்கலாம். ஆனால் தழைச்சத்தை, அதாவது புரதத்தில் இருக்கிற நைட்ரஜனை, கண்ணில் காட்டக்கூடாது. அந்தப் பட்டினியில்தான் எண்ணெய் சேர்த்துக் கொழுக்கும். காட்டிவிட்டால் கொழுப்பை மறந்து பெருக ஆரம்பித்துவிடும்.

யாரோ காட்டியிருக்கிறார்கள்.

இங்கே வருகிறவள் ஆராயி ஒருத்திதான். இரண்டு வேளையும் பாகு ஊற்றிக் கிண்டிவிடுவது அவள் வேலை. இது உயிருள்ளது, தின்னும், மூச்சு விடும் என்று முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அவள் தொட்டியில் கை வைத்துச் சூடு பார்த்தாள். மறுநாளிலிருந்து செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தாள். அவனுக்குச் சிரிப்பாக இருந்தது.

ஒரு வாரமாகச் சிரிப்பு வரவில்லை. அவள் வாசலுக்கு வரும்போதே நுரை ஏறுகிறது. அவன் கிட்டே போனால் அசையாமல் கிடக்கிறது. தற்செயல் என்று நோட்டில் எழுதினான். மூன்றாம் நாள் எழுதுவதை விட்டுவிட்டான். புளித்த வாடையும் மாறிவிட்டது. புது வாடையை எங்கேயோ நுகர்ந்திருக்கிறான், எங்கே என்று பிடிபடவில்லை.

இப்போதே வடித்துவிட்டுப் புது ஈஸ்ட் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பேற்றிவிடலாம். மூடியைப் போட்டுவிட்டுத் தொட்டிக் குழாயில் கை வைத்தான்.

வாசலில் ஆராயி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தொட்டிக்குள் நுரை மறுபடி ஏறுகிற சத்தம் கேட்டது.

இதில் என்னத்தை ஊற்றுகிறாய் என்று அதட்டினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மண்ணுல விடக்கூடாதுங்க சார். உசுரு இருக்கறதுக்குத்தான் குடுக்கோணும்னு எங்கூட்டுப் பெரியவங்க சொன்னாங்க. நீங்கதானுங்க இதுக்கு உசுரு இருக்குதுன்னீங்க."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் பார்த்தான். வெளியே நல்ல வெயில், அவள் ரவிக்கையின் முன்பக்கம் மட்டும் நனைந்திருந்தது.

பத்து நாளைக்கு முன்னால் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வந்து அவளுக்கு லீவு கேட்டார். ஐந்து மாதக் குழந்தை, காய்ச்சலில் போய்விட்டது என்றார். ஐயோ பாவம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அன்று சாயங்காலமே மறந்தும் போனான். நினைக்க வெட்கமாக இருந்தது.

வாடையும் பிடிபட்டது. அக்காவின் கைக்குழந்தையைத் தூக்கினால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் வாடை.

நுரை மூடியை முட்டியது. விட்டு விட்டு, மெல்லிதாக ஒரு சத்தம் வந்தது. ஆராயிக்கு நிலைகொள்ளவில்லை.

"பசி தாங்காதுங்க சார். கொஞ்சம் அந்தப்பக்கம் திரும்பி நில்லுங்க."

வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தான். குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பின்னால் மூடி திறந்தது. பொங்குகிற சத்தம் அடங்கியது.

பிறகு, சின்னதாக, விழுங்குகிற சத்தம் கேட்டது.