லோக்கல் ரூட்டா, ரீஜனல் ரூட்டா?

"நீங்கதானா கவின்? உங்க எழுத்தப் பாத்து, பெரிய மீசையோட ஒருத்தர் வருவார்னு நெனச்சேன்!"

அல்சூர் ஏரிக்கரை மரத்தடியில் நின்றிருந்த ஜூடித் சிரித்தாள். பக்கத்தில் கறுப்பு நிற கியர் சைக்கிள். தலையில் ஹெல்மெட், கைகளில் கையுறை. முகமெல்லாம் வியர்வை. பெரிய பாட்டில் தண்ணீரை அப்போதுதான் காலி செய்திருந்தாள்.

நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லிங்கராஜபுரம் வீட்டிலிருந்து காற்றாய்ப் பறந்து வந்திருப்பாள் என்று கவினுக்குத் தோன்றியது.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஐடி வேலைக்கு வந்து, ஜோகுபாளையத்தில் அறை எடுத்திருப்பவன் அவன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓர் இணைய வரைபடத்தில், பெங்களூரின் சைக்கிள் பாதைகளைக் குறிக்கும் குழுவில் இருவரும் இருந்தார்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. எழுத்தில் மட்டும் இரண்டு மாதமாகச் சண்டை.

அல்சூரிலிருந்து ஹொஸ்கோட்டை ஏரிவரை போகும் பாதையை அவன் 'ரீஜனல்' என்று வகைப்படுத்தினான். ஊர் விட்டு ஊர் போகிறதே! மறுநாளே ஜூடித் அதை 'லோக்கல்' ஆக்கினாள். பாதி வழிக்கு நகரம்தானே என்பது அவள் கட்சி. அவன் மாற்ற, அவள் மாற்ற, பதினேழு தடவை ஆகிவிட்டது. 'ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்' என்று கடைசியாக அவள் எழுதியது அவனைச் சுருக்கென்று குத்தியது.

குழுவை நடத்தும் ரவிக்குமார் பொறுமை இழந்து போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் சேந்து அந்த ரூட்ல ஓட்டிட்டுப் போங்கப்பா. ஹொஸ்கோட்டை ஏரியில நின்னு செல்ஃபி அனுப்புங்க. அங்கயே பேசி ஒரு முடிவுக்கு வாங்க. இல்லேன்னா ரூட்டையே மேப்லேர்ந்து தூக்கிடுவேன்."

அதனால்தான் இந்தச் சந்திப்பு.

"ஆமா, உங்க சைக்கிள் எங்க?" என்றாள் ஜூடித்.

"பஞ்சருங்க."

"எந்த வீலு?"

"ரெண்டுமேங்க."

"ரெண்டுமா! இன்னும் ரோட்டுக்கே வரல, அதுக்குள்ள ரெண்டு பஞ்சரா? ரீஜனல் சைக்கிள் போலிருக்கு!"

கவின் அசடு வழிந்தான்.

"சரி, பரவால்ல விடுங்க. இன்னொரு நாள் போகலாம். அவசரமே இல்ல" என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

எதிராளி பயந்துவிட்டான் என்று சந்தோஷப்படுகிறாள் போலும். இப்படியே நழுவிவிடலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது? செயின் அறுந்தது என்றா? எத்தனை வாரத்துக்கு?

"பொய் சொல்லிட்டேனுங்க" என்றான் திடீரென்று. "பஞ்சராகறதுக்கு எங்கிட்ட சைக்கிளே இல்ல. எனக்கு ஓட்டவும் தெரியாது. ஏழாவது படிக்கறப்போ பழகப் போயி வாய்க்கால்ல விழுந்தேன். அன்னிக்கு விட்டதுதான்."

"அப்போ நீங்க போட்ட அத்தனை ரூட்டும்?"

"பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து, போன்ல ஜிபிஎஸ் போட்டு வரைஞ்சதுங்க. நீங்க ஓட்டிப் பாத்தவங்க. நீங்க சொல்றதே இருக்கட்டும். லோக்கல்னே போட்டுக்கலாம்."

ஏரிக்கரையே அதிரும்படி ஒரு சிரிப்பை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். ஜூடித் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு சிமெண்ட் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, ஷூவை உருவி, கொப்புளம் கட்டியிருந்த குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் அழாக்குறையாக. "உங்க முன்னாடி மானம் போயிடக் கூடாதேன்னு, எங்கண்ணனோட சைக்கிள லிங்கராஜபுரத்துலேர்ந்து தள்ளிக்கிட்டே நடந்து வந்திருக்கேன்!"