சத்தம் போடாதது

கணினிக் கடைக்குப் படியேறும்போதே சேதுராமன் பாதியில் நின்றார். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். வாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மனைவி மங்கையர்க்கரசிக்குத் தெரிந்தது.

அவள் தொகுத்துவரும் மீனவர் சொல்லகராதி முழுவதும் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. கொஞ்ச நாளாக அது கறகறவென்று சத்தம் போட்டது. மாற்றியே ஆகவேண்டும். கடைக்காரர் ஜலால், இப்போது அதற்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டிகள் மூன்றை மேசையில் பரப்பினார். கையில் எடுத்தால் எடையே இல்லை.

“இதுல எதை நம்பி வாங்கலாம் பாய்?”

“எல்லாத்துக்கும் வாரண்டி இருக்கும்மா. போச்சுன்னா புதுசு குடுப்பான். உள்ள இருந்ததக் குடுக்கமாட்டான்.”

“போறதுக்கு முன்னாடி சத்தம் போடுமா?”

ஜலால் சிரித்தார். “பழசுதான் முனகிக்கிட்டே கெடக்கும், நாமளும் சுதாரிச்சுக்கலாம். இது காலைல நல்லா ஓடும். மத்தியானம் பாத்தா இருக்காது.”

அவள் திரும்பினாள். நாற்காலியில் சேதுராமன் இடது தோளை அழுத்திப் பிடித்திருந்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும் கையை எடுத்துச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. நீ பாத்து வாங்கு.”

ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். நெற்றி முழுக்க வியர்வை.

கையிலிருந்ததை அவள் மேசையில் வைத்தாள்.

“பாய், ஒரு ஆட்டோ கூப்பிடுங்க.”