வாடிக்கையாளர் கிடைக்கவில்லை

வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்கு உரியவரின் பெயர், பணம் தரத் தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலிலும் இருந்ததால், பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. போன் போட்டுப் பிறந்த தேதியைக் கேட்டால் ஆள் வேறென்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். வங்கி அதிகாரிக்குச் சோம்பல் விட்டால்தானே! போனைத் தொடாமலே, "வாடிக்கையாளர் கிடைக்கவில்லை" என்று நான்காவது நாளாக எழுதிவிட்டுக் கிளம்பினார்.

வாசல் காவலாளியின் முகம் வாடியிருந்தது.

"என்னண்ணே, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"நாளைக்கு வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் சார். மக அனுப்பின பணம் இன்னும் வந்து சேரல."

"அட, நான் பாக்கறேன். பேரைச் சொல்லுங்க."

காவலாளி சொன்னார். நான்கு நாளாகக் கிடைக்காத வாடிக்கையாளர், அதிகாரிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பத்து வருஷத்துல நீங்கதான் சார் முதமுதலா என் பேரைக் கேட்டிருக்கீங்க" என்று சல்யூட் அடித்தார் காவலாளி.